சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள்!

குழந்தைகளே, முதலில் ஒரு கேள்வி. மாலை ஆறு மணி. மெரினா கடற்கரையில் நிற்கிறீர்கள். கையில் அப்பாவின் செல்போன். கடலில் சூரியன் மறைவதைப் படம் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?

கடல் பக்கம் திரும்பினால் ஏமாந்து போவீர்கள்! சென்னைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. அதனால் சூரியன் கடலில் உதிக்கும். மறைவதோ நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவே. தண்ணீரின் மேல் அஸ்தமனம் பார்க்க வேண்டுமானால், நமக்கு மேற்கே தண்ணீர் இருக்க வேண்டும்.

அப்படி ஓர் இடத்துக்கு என் மாணவர்களோடு முகாம் போன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அங்கே நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். வாத்தியாரும் தவறு செய்வாரா என்று சிரிக்கிறீர்களா? செய்வார். இந்த வாத்தியார் செய்தார்!

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி

அப்போது நான் கோடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர். சாரணர் படையும் என் பொறுப்பு. 1989-ம் ஆண்டு அரையாண்டு விடுமுறையில், 18 மாணவர்களை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பங்கழி ஏரிகளில், இந்தியாவிலேயே ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது; தெற்கு முனை மட்டும் நம் தமிழ்நாட்டில். 17-ம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்தார்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. அதில் நின்றால் கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். மாலையில் ஏரியில் இறங்கும். ஒரே இடத்தில் இரண்டையும் பார்க்கலாம்!

சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்தோம். கல் அடுப்புக் கூட்டிச் சமைத்தோம். முடிச்சுப் போடும் போட்டி வைத்தோம். என்னிடம் ஒரு கேமரா இருந்தது. என் மைத்துனரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்தது. உள்ளே ஒரே ஒரு பிலிம் ரோல். மொத்தம் 36 படம்தான் எடுக்க முடியும்.

இன்று உங்கள் போனில் ஆயிரம் படம்கூட எடுப்பீர்கள், பிடிக்காததை அழித்துவிடுவீர்கள். அன்று அப்படி இல்லை. பிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணித்தான் எடுப்போம்.

21 படம் போச்சு!

முதல் நாளும் மறுநாள் பகலிலுமாக 14 படங்கள் எடுத்துவிட்டேன். மீதி 22. அதில் ஒன்றைக் கட்டாயம் மிச்சம் வைக்க வேண்டும். ஏனென்றால், முகாம் முடியும் நாளில் எல்லோரையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி தருவதாக மாணவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை சூரியன் ஏரியை நோக்கி இறங்கியது. ஆரஞ்சுப் பழம் போல அழகு! எனக்குக் கை பரபரத்தது. 'கிளிக்... கிளிக்...' என்று எடுத்துத் தள்ளினேன். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் ஒன்று, பாதி முழுகியதும் ஒன்று, முக்கால் முழுகியதும் ஒன்று. கடைசித் துளி வெளிச்சம் மறைந்தபோது 21 படங்கள் தீர்ந்திருந்தன. பாக்கி ஒன்றே ஒன்று. அது குரூப் போட்டோவுக்கு.

"முடிஞ்சது, எல்லாரும் கிளம்புங்க! இருட்டறதுக்குள்ள தண்ணி பிடிக்கணும், பாத்திரம் கழுவணும்" என்றேன்.

எல்லோரும் எழுந்தார்கள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. வகுப்பிலும் அவன் அப்படித்தான். ஜன்னல் வழியே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான்.

"உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?"

"சார், இன்னும் முடியல சார். இனிமேத்தான் சார் கலர் வரும்" என்றான்.

"யாரு சொன்னா?"

"எங்கப்பா ஸ்டூடியோல லைட்மேன் சார். அவுட்டோர்ல சூரியன் இறங்கினப்புறம்தான் கேமராமேன் எல்லாரையும் அவசரப்படுத்துவாராம். அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்குமாம் சார்."

நான் கேட்டேனா? கேட்கவில்லை. "கதை எல்லாம் அப்புறம். முதல்ல வாளியை எடு" என்று அதட்டினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் வந்த பையன்கள் "சார்! சார்!" என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிறமாக இருந்த மேகங்கள் எல்லாம் அடியிலிருந்து பற்றிக்கொண்டது போலச் சிவந்திருந்தன. மேலே ரோஜா நிறம், அதற்கும் மேலே ஊதா. ஏரி முழுக்க அதே நிறங்கள். வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. 18 பையன்களும் பேச்சு மூச்சு இல்லாமல் நின்றார்கள்.

என் கேமராவில் ஒரே ஒரு படம்!

ஏன் அப்படி ஆனது?

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, பாடம் நடத்திவிடுகிறேன். பழக்கம் விடவில்லை!

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அது காற்றுக்குள் நுழைந்ததும், நீல நிறம் எளிதில் நாலா பக்கமும் சிதறிவிடும். சிவப்பு அவ்வளவாகச் சிதறாமல் நேராக வந்துவிடும். நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் இருப்பதால் ஒளி கொஞ்சக் காற்றைக் கடந்தால் போதும். மாலையில் அது தரையை ஒட்டிச் சாய்வாக வருவதால், நண்பகலைவிட 30 மடங்குக்கும் மேல் காற்றைக் கடக்க வேண்டும். வழியிலேயே நீலம் எல்லாம் சிதறிப்போய், சிவப்பும் ஆரஞ்சும்தான் மிஞ்சும்.

சரி, சூரியன் மறைந்த பிறகு எப்படி நிறம் வருகிறது? கீழே நிற்கும் நமக்குத்தான் சூரியன் மறைந்துவிட்டது. பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேகத்துக்கு இன்னும் மறையவில்லை! மாடிப்படியில் உயர ஏறினால் தெருவின் கோடி வரை தெரியும் அல்லவா? அதுபோல. அந்தச் சிவந்த ஒளி மேகங்களின் அடிப்பகுதியில் போய் விழுகிறது. அதுதான் அந்த மாயம்.

இன்னொரு வேடிக்கை: சூரியன் தண்ணீரைத் தொடுவதாக நாம் பார்க்கும்போதே, அது உண்மையில் தொடுவானத்துக்குக் கீழே போயிருக்கும். காற்று அதன் ஒளியை வளைத்து நமக்குக் காட்டுகிறது!

இந்த அந்தி வெளிச்சம் நம் ஊரில் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரம்கூட நீடிக்கும். அங்கே சூரியன் சறுக்குமரத்தில் சறுக்குவது போலச் சாய்வாக இறங்குகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், இங்கே கிணற்றில் விழும் வாளி போல நேராக இறங்கிவிடுகிறது. ஆகவே நமக்கு நேரம் குறைவு. தயாராக இருக்க வேண்டும்.

சினிமா ஒளிப்பதிவாளர்களுக்கு இது தங்கமான நேரம். 'டேஸ் ஆஃப் ஹெவன்' என்ற அமெரிக்கப் படத்தின் பல காட்சிகளை இந்த வெளிச்சத்துக்காகவே காத்திருந்து எடுத்தார்கள். ஒரு நாளைக்கு 20, 25 நிமிடம்தான் கிடைக்கும்! 1978-ல் வெளியான அந்தப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மெண்ட்ரோஸ் ஆஸ்கார் விருது பெற்றார். நம் கோடம்பாக்கத்திலும் இயற்கை வெளிச்சத்தை நம்பிப் படம் எடுத்தவர் பாலு மகேந்திரா. இலங்கையில், பெரிய காயல் ஒன்றின் கரையில் உள்ள மட்டக்களப்புக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1939-ல் பிறந்தவர். 'மூன்றாம் பிறை' படத்தின் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றார்.

ஒரு லைட்மேனின் மகன் இதைத்தான் எனக்குச் சொல்ல வந்தான். நான் வாளியைத் தூக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு படத்தில் இரண்டு படம்

இப்போது கதைக்கு வருவோம். ஒரு படம்தான் பாக்கி. இந்த வானத்தை எடுத்தால் குரூப் போட்டோ இல்லை. குரூப் போட்டோவுக்கு வைத்தால் இந்த வானம் இல்லை. நான் விழித்தேன்.

அவனைக் கூப்பிட்டேன். "நீ சொன்னது சரிடா. நான்தான் கேக்கல. இப்ப என்ன செய்யலாம்?" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "நாங்க எல்லாரும் தண்ணி ஓரமா வரிசையா நிக்கிறோம் சார். நீங்க எடுங்க."

"மூஞ்சி தெரியாதேடா! எல்லாம் கறுப்பாத்தான் விழும்."

"தெரியலைன்னா என்ன சார்? யாரு யாருன்னு நமக்குத் தெரியுமே!"

வரிசையாக நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்ததால் கேமரா ஆடக் கூடாது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் கேமராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பிலிம் தீர்ந்தது.

ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால், நான் ஆசை ஆசையாக எடுத்த 21 படங்களிலும் சூரியன் கடுகளவுதான் இருந்தது! சுற்றிலும் ஒரே இருட்டு. 36-வது படத்தில், சிவந்த ஏரிக்கு முன்னால் 18 கறுப்பு உருவங்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. ஆனால் குடை பிடித்தாற்போல முடி வைத்திருந்தவன், ஒற்றைக் காலில் நின்றவன், தொப்பியைத் திருப்பிப் போட்டவன் என்று எல்லோரையும் அடையாளம் சொல்ல முடிந்தது. வரிசையின் கோடியில் வாளியோடு ஒருவன் நின்றான். அவன் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சொன்னபடி 18 பிரதிகள் போட்டுக் கொடுத்தேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஜன்னல் வழியே வெளியே பார்க்கும் பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அதன் பிறகு அப்படிப் பார்த்த யாரையும் நான் அதட்டியதில்லை.

சூரியன் ஏன் கடுகானது?

முழு நிலா அன்று கையை நன்றாக நீட்டி, சுண்டு விரலால் நிலாவை மறைத்துப் பாருங்கள். விரலின் பாதி அகலம்கூட இருக்காது! நம் கண்ணுக்குச் சூரியனும் அதே அளவுதான். (இதைச் சூரியனில் செய்து பார்க்கக் கூடாது!) என்னிடம் இருந்தது சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதில் சூரியனின் உருவம் பிலிமில் அரை மில்லிமீட்டர்கூட விழாது. நம் மனம்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும்.

அப்படியானால் எதைப் படம் எடுப்பது? தண்ணீரை! அசையாத தண்ணீர் நிலைக்கண்ணாடி போல வானத்தைத் தலைகீழாகக் காட்டும். அலை அடிக்கும் தண்ணீரிலோ, ஒவ்வொரு சிற்றலையும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் ஆளுக்கொரு துளி வெளிச்சத்தை நம் பக்கம் திருப்புவதால்தான், சூரியனிலிருந்து நம் காலடி வரை ஒளிப்பாதை போட்டது போலத் தெரிகிறது.

காலடியில் குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் மணல் தெரியும். தூரத்தில் வானம் தெரியும். கவனித்திருக்கிறீர்களா? நேராகப் பார்த்தால் தண்ணீர் மிகக் குறைந்த ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். சாய்வாகப் பார்க்கப் பார்க்க அதிகமாக அனுப்பும். அதனால் கேமராவைத் தாழ்வாகப் பிடியுங்கள். தண்ணீரில் வானம் நிறைய விழும்.

செல்போனில் எடுக்க ஏழு குறிப்புகள்

1. அஸ்தமன நேரத்தை முன்பே நாள்காட்டியில் பாருங்கள். சென்னையில் நவம்பர் கடைசியில் சுமார் 5.40 மணி; ஜூலை தொடக்கத்தில் சுமார் 6.40 மணி. அரை மணி முன்னதாகப் போய், அரை மணி கழித்துத் திரும்புங்கள்.

2. பிளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் ஏரியைத் தாண்டாது!

3. திரையில், சூரியனுக்குப் பக்கத்து வானத்தை விரலால் தொடுங்கள். படம் வெளுத்துப்போனால், பக்கத்தில் தோன்றும் குறியை இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். நிறம் ஆழமாகும்.

4. தொடுவானக் கோடு நேராக இருக்கட்டும். சாய்ந்திருந்தால் ஏரித் தண்ணீர் கொட்டுவது போலத் தோன்றும்!

5. முன்னால் ஏதாவது ஒன்று இருக்கட்டும். படகு, பனைமரம், கொக்கு, உங்கள் தங்கை... எதுவானாலும் அழகான நிழலுருவம் ஆகிவிடும்.

6. போனை விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள்; படம் கலங்கும். நாலடி முன்னே வையுங்கள், தண்ணீருக்குள் அல்ல!

7. இருட்டத் தொடங்கியதும் போனைப் பையின் மேலோ, சுவரின் மேலோ வைத்து எடுங்கள். கை நடுக்கம் படத்தில் வராது.

சென்னையில் எங்கே பார்க்கலாம்?

முட்டுக்காடு காயல் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் குளமும் கோயிலுக்கு மேற்கேதான். கோயில் பக்கம் நின்றால் குளத்துக்கு எதிரே அந்தி வானம். நம் பக்கத்து ஏரிகளிலும் ஒரு வசதி உண்டு. நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கிழக்குப் பக்கம்தான் கரை போட்டிருப்பார்கள். அனுமதி உள்ள இடத்தில் கரையில் நின்றால், தண்ணீருக்கு அப்பால் சூரியன் மறையும்.

இதெல்லாம் முடியாதா? மெரினாவுக்கே போங்கள். சூரியன் மறைந்ததும் கடலைப் பாருங்கள். கிழக்கே கடலுக்கு மேல் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும்; அதன் மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. அந்த நீலப் பட்டை என்ன தெரியுமா? நாம் நிற்கும் பூமியின் நிழல்! கடலில் அஸ்தமனம் இல்லாத ஊருக்கு இப்படி ஒரு பரிசு. பௌர்ணமி நாளில் போனால் நிலாவும் அங்கேயே உதிக்கும்.

கட்டாயம் கவனியுங்கள்!

சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது. பைனாகுலர் வழியாகவும், கண்ணை வைத்துப் பார்க்கும் கேமரா வழியாகவும் பார்க்கவே கூடாது. கண் திரும்பக் கிடைக்காது.

திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்காதீர்கள். தண்ணீருக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். உயிர் காக்கும் மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறவே கூடாது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். நான் இவ்வளவு புகழ்ந்த அதே பழவேற்காட்டில், 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

தெரியுமா உங்களுக்கு?

1883 ஆகஸ்ட் மாதம் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி காற்றில் பரவி நம் ஊருக்கும் வந்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது! சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துக் குறித்து வைத்தார். பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தை உருவாக்கி நடத்தியவரும் இவரே.

சரி குழந்தைகளே, இன்று மாலை மொட்டை மாடிக்குப் போங்கள். சூரியன் மறையட்டும். அதன் பிறகு இருபது நிமிடம், போனைக்கூட எடுக்காமல், சும்மா உட்கார்ந்து பாருங்கள். வானம் எத்தனை முறை நிறம் மாறியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால், எந்த நிமிடத்தில் படம் எடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வீட்டில் யாராவது "இன்னும் என்ன பார்க்கறே? முடிஞ்சது, வா" என்று கூப்பிட்டால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்!